கழட்டி மேடமும் சுலோசனா அக்காவின் தறியும்

காஞ்சிபுரத்தில் கழட்டி மேடத்தின் கையிலிருந்து தப்பித்தவை இரண்டே இரண்டுதான். ஒன்று ராஜகோபுரம், மற்றொன்று பாலாற்றுப் பாலம். அவையும் ஏதோ புண்ணியத்தால் தப்பிக்கவில்லை. அந்த அளவில் ஸ்பேனர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அவருடைய ஆதார் அட்டையை நானே நகலெடுத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் திடீரென்று யாராவது அந்தப் பெயரைக் கேட்டால் நான் விழிப்பேன். ஓரிக்கை போகிற சாலையில் பாய் நடத்தும் லேத் பட்டறையில் அவர் எல்லோருக்கும் கழட்டி மேடம்தான். 'மேடம்' என்பது எங்கள் மரியாதை, 'கழட்டி' என்பது அவரே உழைத்துச் சம்பாதித்தது.

அந்தப் பட்டறைக்கு நான் மேனேஜர். பில் போடுவது, டீ சொல்வது, கரண்ட் போனால் மின்வாரியத்துக்கு போன் செய்து திட்டு வாங்குவது, இவ்வளவும் மேனேஜர் வேலை. பட்டுத் தறிக்கு மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும், ஜக்கார்டு என்பார்கள். சேலை பார்டரில் மயிலும் யானையும் விழுவது அதனால்தான். அதற்கு உதிரி பாகங்கள் செய்வது எங்கள் தொழில். பாயின் அப்பா காலத்திலிருந்து யாரையும் தொந்தரவு செய்யாமல், யாராலும் தொந்தரவு செய்யப்படாமல் நடந்துகொண்டிருந்த தொழில்.

மேடம் ஏனாத்தூர்க்காரர். இன்ஜினியரிங் படித்துவிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெரிய கார் தொழிற்சாலையில் பல வருஷம் இருந்தவர். கை நிறையச் சம்பளம், வீட்டு வாசலுக்கு ஏசி பஸ். அதையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் தகரக் கொட்டகைக்கு ஏன் வந்தீர்கள் என்று பாய் முதல் நாளே கேட்டார்.

"அங்க டிராயிங் எல்லாம் வெளிநாட்டுலேந்து வருது பாய். நம்ம வேலை மாட்டறது மட்டும்தான். இந்த போல்ட்டு ஏன் இங்க இருக்குதுன்னு கேட்டா, அதெல்லாம் கேக்காதம்மா, டைட் பண்ணுன்றாங்க. மாட்டி மாட்டி வெறுத்துப் போச்சு. இனிமே நான் கழட்டறது மட்டும்தான்."

பாய் இதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிச் சிரித்து, அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டார். அது வேடிக்கைப் பேச்சு இல்லை, பணி ஒப்பந்தம் என்பது ஒரு வாரத்தில் எங்களுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், வாசலில் நிறுத்திய என் ஸ்கூட்டர் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் இரும்புச் சாமான்கள் கருவாடு காய்வது போல வரிசையாகக் கிடந்தன. ஏதோ சத்தம் வந்துக்கினு இருந்தது, என்னவென்று பார்த்தேன் என்றார் மேடம். எப்போது மாட்டித் தருவீர்கள் என்று கேட்டேன்.

"உன் வண்டிப்பா. நீதான் மாட்டணும்."

சரி, கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபமே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கை தானாக உதவி செய்துவிடக் கூடாதாம். நான் தப்பாக எதையாவது சொருகினால் தப்பு என்று சொல்ல மாட்டார். "அது ஏன் அங்க போவுது?" என்பார். எனக்கு எப்படித் தெரியும்? பொழுது சாயும் நேரத்தில் வண்டி மறுபடியும் முழு உருவத்தோடு நின்றது, என் கையில் ஒரு நட்டு மிச்சமிருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். விடவில்லை. மிச்சம் இருக்கிறது என்றால் எனக்கு எதுவோ புரியவில்லை என்று அர்த்தம் என்றார். அன்று ஷேர் ஆட்டோவில் வீடு போய்ச் சேர்ந்தேன். இப்போது எனக்கு கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டத் தெரியும். இதுவரை எந்த மனிதரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

ஒருமுறை எங்களைப் பாய் வீட்டுக்கு நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த சமயத்தில் சமையலறையில் மிக்ஸி ஒரு முனகல் முனகியது. மேடத்தின் காது நிமிர்ந்ததை நான் பார்த்தேன். தடுப்பதற்குள் எழுந்து போய்விட்டார். அன்று இரவுத் தொழுகைக்குப் போக வேண்டிய பாய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிக்ஸி மோட்டாரோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மேடம் எதிரே, கைமேல் உட்கார்ந்தபடி. பாயின் மனைவி அதன்பிறகு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் வாசலிலேயே கைப்பையை வாங்கி வைத்துவிடுவார்.

பட்டறைக்குள் நடந்ததுதான் பெரிய கூத்து. நாங்கள் செய்யும் தாங்கி ஒன்றில் ஒரு ஓரமாகச் சின்ன ஓட்டை இருக்கும். அதன் வழியாக எதுவும் போகாது, எதுவும் வராது. ஏன் இந்த ஓட்டை என்று மேடம் கேட்டார். அது அப்படித்தான் என்றார் பாய். சாம்பிளில் இருக்கிறது என்றார் லேத் ஓட்டுபவர். விட்டுவிட வேண்டியதுதானே? மேடம் அந்தத் தாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஊரையே சுற்றினார். கடைசியில் பாயின் அப்பாவிடமே போய்க் கேட்டார். பெரியவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாராம். முதன்முதலில் வெளிநாட்டுச் சாம்பிள் கிடைத்தபோது, அது தொலைந்துவிடாமல் சுவரில் ஆணியடித்து மாட்டி வைப்பதற்காக அவர் போட்ட ஓட்டை அது. அன்றிலிருந்து நாங்கள் செய்த ஒவ்வொரு தாங்கியிலும் அந்த ஆணி ஓட்டையை அளவு பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தோம்.

மேடம் அன்றைக்கே ஓட்டையை நிறுத்தினார். அடுத்த வாரம் வாடிக்கையாளர்கள் சரக்கைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஓட்டை இல்லாதது டூப்ளிகேட்டாம். பாய் பட்டறை அசல் என்றால் ஓட்டை இருக்குமாம். எனக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. கடைசியில் ஓட்டை திரும்பி வந்தது, இரண்டு விரல் தள்ளி, உண்மையிலேயே எண்ணெய் விடத் தோதான இடத்தில். இதில் மேடத்துக்கு என்ன சந்தோஷம் என்று நினைக்கிறீர்கள்? நம் பட்டறை தானாக யோசித்துப் போட்ட முதல் ஓட்டை என்று எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

இதெல்லாம் எரிச்சல். எரிச்சலோடு மனிதன் வாழ்ந்துவிடலாம். எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது சுலோசனா அக்கா விஷயம்.

சுலோசனா அக்கா பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர், எங்கள் பழைய வாடிக்கை. ஜக்கார்டு பெட்டியைத் தூக்கக் காலால் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் ஒரு மிதி. பெரிய பார்டர் என்றால் பெட்டியின் கனமும் கூடும். மிதித்து மிதித்து அக்காவின் வலது முட்டி போய்விட்டது. மிதிப்பதை நிறுத்தாவிட்டால் நடையே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறியில் ஏற்றியிருக்கும் பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடிந்ததும் தறியைப் பிரித்து இறக்கிவிடுவது என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அக்கா மட்டும் அதற்கு ஒப்பவில்லை. பட்டறைக்கு நொண்டிக்கொண்டே வந்து பாயிடம் சொன்னார்.

"மிதிக்காம நெய்யறதுக்கு வழி இருந்தா சொல்லு பாய். நெய்யாம இருக்கறதுக்கு வழி சொல்ல வீடு நெறைய ஆளு இருக்குது."

வழி இருந்தது. வடக்கே ஒரு கம்பெனி வெளிநாட்டு இயந்திரம் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. மோட்டார் வைத்துப் பெட்டியைத் தூக்கும், கால் வலிக்காது. இந்த வட்டாரத்துக்குப் பாயையே டீலராகப் போடுவதாகச் சொல்லி ஒரு சாம்பிள் அனுப்பினார்கள். முதலில் அக்கா வீட்டில் மாட்டிப் பார்ப்பது, நன்றாக ஓடினால் நெசவாளர் சங்கத்தில் காட்டி எல்லோருக்கும் விற்பது என்று திட்டம். பாய் கனவில் மிதந்தார். இயந்திரத்தின் மூடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. திறந்தால் உத்தரவாதம் கிடையாது என்று எழுதியிருந்தது.

அதைப் படித்தபோது மேடத்தின் முகம் போன போக்கைப் பார்த்து, நான் இயந்திரத்தை அறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. சும்மா பார்க்கிறேன் என்று மேடம் கேட்டாராம், பாய் சாவியைக் கொடுத்தாராம். செய்தித்தாள்கள் விரிக்கப்பட்டிருந்தன. ஸ்டிக்கர் இரண்டாகக் கிழிந்து சுவரில் ஒட்டியிருந்தது.

பாயும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து அதை மாட்டினோம். ஓடவும் செய்தது. ஆனால் கம்பெனி ஆள் வந்து மூடியைத் தடவிப் பார்த்தார், இயந்திரத்தையும் டீலர் பதவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இவரை நான் வேலைக்கு வைத்தேனா, இவர் என்னை வைத்தாரா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

மேடத்துக்கு வருத்தமே இல்லை. "அது போனா போவட்டும் பாய். சுலோசனா வீட்டுல அது ஓடாது. அது உசரமான ஷெட்டுக்கும் ஆடாத கரண்ட்டுக்கும் செஞ்சது. இங்க கூரை தலையில இடிக்குது, சாயந்தரமானா கரண்ட்டு படுத்துக்குது. நாமே செய்யலாம்."

"நாம உதிரி செய்யறவங்கம்மா," என்றார் பாய்.

"ஆணி ஓட்டை போட்டுக்கினு இருந்தோமே, அதுவரைக்கும் சரி. இப்போ எது எதுக்கு இருக்குதுன்னு தெரியுது இல்ல?"

அன்று ஆரம்பித்த கஷ்டம் மாதக்கணக்கில் நீண்டது. நாங்கள் செய்த முதல் இயந்திரம் பெட்டியைத் தூக்கிய வேகத்தில் கொக்கியெல்லாம் துள்ளி விழுந்தது. அடுத்தது போட்ட சத்தத்தில் அந்தத் தெருக்காரர்கள் ரைஸ் மில் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அதற்கடுத்தது கரண்ட் குறைந்ததும் பெட்டியைப் பாதியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் மேடம் அக்கா வீட்டிலேயே செய்தித்தாளை விரித்தார். ஒவ்வொரு முறையும் மாட்ட வேண்டியவர், யார் வீட்டு இயந்திரமோ அவர்.

"ஏம்மா, நான் நெசவுக்காரியா மெக்கானிக்கா? ஜரிகை புடிக்கிற கையில கிரீஸைத் தடவுறியே," என்று அக்கா தெருவே கேட்கும்படி திட்டுவார். திட்டிக்கொண்டே மாட்டுவார். நடுநடுவே இயந்திரம் இல்லாத நாட்களில் அந்த முட்டியோடு மிதித்து நெய்வார். பாவு குறைந்துகொண்டே வந்தது. இது முடிவதற்குள் இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் தறி இறங்கிவிடும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். மேடம் மட்டும் யுகக்கணக்கில் நேரம் இருப்பவர் போல, அது ஏன் அங்க போவுது என்று கேட்டுக்கொண்டிருப்பார். சில நாட்களில் எனக்கு நிஜமாகவே அவர்மேல் கோபம் வந்தது.

ஒரு வழியாக இயந்திரம் ஒழுங்காக ஓட ஆரம்பித்தபோது பின் சண்டை வந்தது. பெட்டியைத் தூக்கும் கயிறு சுற்றுகிற உருளையையும் மோட்டார் தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற பின் அது. பாய் நல்ல எஃகில் உறுதியாகச் செய்து போட்டிருந்தார். மேடம் அதைப் பிடுங்கிவிட்டு, காதில் போடுகிற திருகாணி கனத்தில் பித்தளைப் பின் ஒன்றைச் சொருகினார். உடைந்துவிடுமே என்றார் பாய். உடைய வேண்டும் என்றார் மேடம். எங்கேயாவது சிக்கினால் பெட்டி உடைந்து பாவு அறுபடுவதற்கு முன்னால் இது உடைந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமாம். பாய் என்னைத் தனியே கூப்பிட்டு, உடையாமல் செய்வதற்குத்தான் எங்கள் அப்பா லேத் வாங்கினார் என்று ஏறக்குறைய அழுதார்.

சங்கத்து அதிகாரி பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர் திருப்தி என்று எழுதிக்கொடுத்தால் சங்கத்துத் தறிகளுக்கெல்லாம் நாங்களே செய்யலாம். அக்கா வீட்டிலும் தறியை இறக்கும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இல்லையென்றால் அந்தப் பாவோடு எல்லாம் முடிந்தது. அவர் வருவதற்கு முந்தின நாள் மேடம் இயந்திரத்தின் அருகே தலையைச் சாய்த்து நின்று, "சின்னதா ஒரு சத்தம்..." என்றார்.

பாயும் நானும் வெளியே போய் ரகசியமாகப் பேசி, மேடத்தை மறுநாள் சென்னைக்கு ஒரு பேரிங் வாங்க அனுப்புவது என்று முடிவு செய்தோம். எந்த பேரிங், எதற்கு என்று கேட்பாரே? எதற்கு என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பழைய பேரிங்கைக் கையில் கொடுத்தேன். பொங்கலுக்குப் புதுத்துணி வாங்கிய பிள்ளை போல அவர் முகம் மலர்ந்தது. காலை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். நாங்கள் நிம்மதியாக இட்லி சாப்பிட்டோம்.

அதிகாரி நல்ல மனிதர். அக்கா தறிக் குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து சுவிட்சைத் தட்ட, பெட்டி எழுந்து இறங்கியது. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. பார்டரில் மயிலின் கழுத்து வளர்ந்துகொண்டிருந்தது. அவர் ரசித்தார். ரசித்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். எப்படித் தூக்குகிறது என்று பார்க்கப் பக்கவாட்டில் குனிந்தார். அவர் கழுத்தில் நாடாவோடு அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அட்டை கயிற்றோடு சேர்ந்து உருளைக்குள் போனது. அதன் பின்னால் நாடா போனது. நாடாவின் பின்னால் அதிகாரி போனார்.

நான் அலறினேனா என்று எனக்கு நினைவில்லை. டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. உருளை நின்றது. மோட்டார் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா சுவிட்சை அணைத்தார். அதிகாரியின் கன்னம் இயந்திரத்தை ஒட்டியிருந்தது. நாடாவைக் கத்தரித்து அவரை விடுவித்து, சோடா வாங்கிக் கொடுத்தோம். கழுத்தில் ஒரு சிவந்த கோடு, அவ்வளவுதான். பாய்க்குத்தான் இன்னொரு சோடா தேவைப்பட்டது.

அதிகாரி கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, மிஷின் உடைந்துவிட்டதே என்றார்.

"அது உடையறதுக்குன்னே இருக்குதுங்க சார்," என்றார் சுலோசனா அக்கா. சொல்லிக்கொண்டே குழியிலிருந்து கையை ஊன்றி எழுந்து, பக்கவாட்டு மூலையில் உட்கார்ந்து மரையாணியைத் திருக ஆரம்பித்துவிட்டார். உடைந்த பித்தளைத் துண்டைத் தட்டி எடுத்தார், உருளையில் சிக்கிய நாடாவை உருவினார், புதுப் பின்னைச் சொருகினார். நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை. போகலாம் என்று தோன்றவும் இல்லை.

இப்படி மறுபடியும் நின்றால் சரிசெய்ய யார் வருவார்கள் என்று அதிகாரி கேட்டார். அக்காவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

"யாரு சார் வரணும்?"

அதிகாரி உடைந்த பித்தளைத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இந்தப் பின்னை யார் வைத்தது என்று கேட்டார். "எங்க பட்டறையில ஒரு பைத்தியம் இருக்குது சார், அது வச்சுது," என்று சொல்லும்போது பாயின் குரல் உடைந்துவிட்டது. உருளைக்கு மூடி போட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு அதிகாரி திருப்தி என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த பாவுக்கு அக்கா வீட்டில் அன்றைக்கே சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் மேடம் நேராக அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் போயிருந்தேன். ஆர்டர் கிடைத்ததா என்று கேட்பார் என்று நினைத்தேன். அதைக் கேட்கவே இல்லை. அட்டை, நாடா, கழுத்து என்று நான் சொல்லச் சொல்ல அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உருளையில எது சிக்கும்னு முந்தானையை யோசிச்சேன். பின்னலை யோசிச்சேன். லுங்கியைக்கூட யோசிச்சேன்பா. தறிக்கிட்ட யாரு கழுத்துல டேக் போட்டுக்கினு வருவாங்கன்னு விட்டுட்டேனே. அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

அன்று மாலைக்குள் அந்தச் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டும், இன்றைக்கு மிஷினைத் தொடவே கூடாது என்று அக்கா முன்பே எச்சரித்திருந்தார். எச்சரிக்கை தேவைப்படவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது, இயந்திரம் எட்டும் தூரத்தில் எழுந்து இறங்கிக்கொண்டிருந்தது, மேடம் கையை மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். இத்தனை நாள் இவர் எதையும் தொடாமல் ஒரு பொழுதாவது இருக்க மாட்டாரா என்று நான் வேண்டாத சாமி இல்லை. இப்போது அப்படி இருக்கிறார், என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. உடம்பு ஏதாவது சரியில்லையா மேடம் என்று கேட்டேன்.

தறிச் சத்தம் நின்றது. சுலோசனா அக்கா சுவிட்சை அணைத்துவிட்டு, நெய்த சேலை சுற்றும் படைமரத்தைப் பிடித்துக்கொண்டு குழியிலிருந்து மெதுவாக ஏறி வந்தார்.

"சேலை நாளைக்குப் போவட்டும், நான் சொல்லிக்கறேன். வாம்மா, கழட்டு. மூடி எங்க போடணும்னு பாக்கலாம்."

மேடம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அவசரமாகக் கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதால் எதுவும் அகப்படவில்லை. நான் என் சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினேன்.